வாயைக் கட்டினவள்

உங்களுக்குச் சுகரா, புரையா?

சுகரா. குரலைக் கேட்டா சின்ன வயசாத் தெரியுதே தாயி. சரி, கண்ணைத் திறக்காதீங்க. நானும் திறக்கல. மருந்து ஊத்திட்டா இப்படித்தான் மூடிக்கிட்டே இருக்கணும். திறந்தா மறுபடியும் வந்து ஊத்துவாக. அந்த நர்சுப் பிள்ளை என்னைய "பாட்டி, ஆடாம உக்காருங்க"ன்னுட்டுப் போகுது. அம்பத்தேழு ஒரு வயசா? தலையில நாலு வெள்ளை தெரிஞ்சாப் பாட்டி.

நான் இடது கண்ணுக்கு வந்திருக்கேன். வலது போயிருச்சு. போயிருச்சுன்னா ஒரேயடியா இருட்டுன்னு இல்ல. வெளிச்சம் தெரியும். எதிர்ல ஆள் நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது. ஆபரேசன் பண்ணியும் அவ்வளவுதான் வந்துச்சு. "ஏன் ராஜகனி, ஒரு சொட்டு அழலையே நீ"ன்னு எங்க நாத்தனா கேட்டா. என்னமோ, வரல. நெஞ்சு கட்டை மாதிரி இருக்கு.

நாங்க சாத்தூர். மிட்டாய்க் கடை. எங்க வீட்டுக்காரரும் அவுக தம்பியும் சேந்து நடத்துறது. காராச்சேவு, சீனி மிட்டாய், கருப்பட்டி மிட்டாய். ஒரே வீடுதான், நடுவுல சுவர் வச்சு ரெண்டு அடுப்பு. அந்தப் பக்கம் என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. தங்கபுஷ்பம்னு பேரு. அவதான் இன்னைக்கு என்னையக் கூட்டிட்டு வந்தது. என்னமோ சீட்டுல முத்திரை போடணும்னு கீழ போயிருக்கா.

அவ வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். ஊர்ல யார்கிட்டயாவது சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள அவ காதுக்குப் போயிரும். உங்க முகத்தையே நான் பாக்கல. உங்ககிட்டச் சொன்னா என்ன?

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் சுகர்னு தெரிஞ்சுது. ஒம்பது வருசம் இருக்கும். பஜார்ல கல்யாண மண்டபத்துல முகாம் போட்டிருந்தாக. சும்மாதானேன்னு போனோம். விரல்ல குத்திப் பாத்தாக. எனக்கு நூத்தித் தொண்ணூறு. அவளுக்கு முந்நூறைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அங்கேயே உக்காந்து ஒப்பாரி வச்சுட்டா. அவ அம்மாவுக்குச் சுகர்ல காலை எடுத்தது. அதை நெனச்சுக்கிட்டா. நான்தான் அவளைத் தேத்திக் கூட்டிட்டு வந்தேன். "ஏடி, வாயைக் கட்டு. வாயைக் கட்டினா இது ஒரு நோயே இல்ல"ன்னு சொன்னேன். தப்பாவா சொன்னேன்?

நான் கட்டினேன் தாயி. மிட்டாய்க் கடைக்காரன் பொண்டாட்டி, பாகு காய்ச்சுற வாசத்துலயே முழிச்சு அந்த வாசத்துலயே தூங்குறவ, அன்னையிலருந்து வெள்ளைச் சீனி ஒரு துளி நாக்குல வச்சதில்ல. காப்பிக்குக் கருப்பட்டிதான். அதுவும் எங்க கடைக்கு வர்ற நல்ல உடன்குடிக் கருப்பட்டி, கலப்படம் கிடையாது. சோத்தை விட்டேன். ராத்திரிக்கு ரெண்டு உருண்டை கேப்பைக்களிதான். கேப்பை எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாதுல்ல? பழம் சாப்பிடுவேன். பழம் கடவுள் குடுத்தது. இனிப்புன்னு பேர் வச்ச எதையும் தொட்டதில்ல. எங்க மாமியா இருந்தப்ப சொல்லுவாக, "ராஜகனி மாதிரி வைராக்கியம் வேணும்"னு. எங்க வீட்டுக்காரர் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. "எங்க வீட்ல பாருங்க, மிட்டாய்க் கடைக்குள்ள இருந்துக்கிட்டு மிட்டாய் தொடாத பொம்பளை"ன்னு.

அவ கதையைக் கேளுங்க. கடையில மிட்டாய் பிழியும்போது ஓரம் ஒடஞ்சு விழும்ல, அதுல ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுக்குவா. கொஞ்சூண்டுதான், விரல் நகம் அளவு. ஆனா போட்டுக்குவாளே! சோறும் திம்பா, ஒரு கரண்டி அளந்து வச்சுக்கிட்டு. கல்யாண வீட்டுக்குப் போனா அரை லட்டு. "அரை தின்னா என்ன, முழுசு தின்னா என்ன, தின்னது தின்னதுதானே"ன்னு கேப்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருவா.

ஆனா மாசம் தவறாம சுகாதார நிலையத்துக்குப் போயிருவா. மாத்திரை வாங்க, பிரஷர் பாக்க. கால்ல நரம்பு மாதிரி ஒரு நூலை வச்சுக் குத்தி "தெரியுதா, தெரியுதா"ன்னு கேப்பாகளாம். மூத்திரம் டெஸ்டு பண்ணுவாக. வருசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து கண்ணைப் போட்டோ பிடிச்சுக்கிட்டுப் போவா. எனக்குச் சிரிப்பா வரும். ஒரு நோயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நோயாளியாத் திரியணுமா?

நான் அப்படித் திரியல. மூணு மாசமோ நாலு மாசமோ ஆனா பஜார் லேப்புக்குப் போவேன். வெறும் வயித்துல பாப்பாக. நூத்திப் பத்து, நூத்தி இருபது, அதைத் தாண்டாது. அந்த லேப்புப் பையனே சொல்லுவான், "ஆச்சி, உங்களுக்குச் சுகர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க"ன்னு. பின்ன? டெஸ்டுக்கு மூணு நாளைக்கு முன்னாலயே நான் ஆரம்பிச்சிருவேன். கீரையும் மோரும், அவ்வளவுதான். ராத்திரி பட்டினி. பரிச்சைன்னா முன்னாடி உக்காந்து படிக்க வேண்டாமா? சும்மா போய் எழுதுறவளுக்கு மார்க்கு எப்படி வரும்? புஷ்பம் எதையும் பண்ண மாட்டா. என்னைக்கும் தின்னதைத் தின்னுட்டு அப்படியே போய்க் கையை நீட்டுவா. நூத்தி அறுபதுன்னு வரும். "என்னக்கா, உங்களுக்கு மட்டும் கம்மியா இருக்கு"ன்னு கேப்பா. "வாயைக் கட்டணும்டி"ன்னு சொல்லுவேன்.

ஒவ்வொரு வருசமும் கூப்பிடுவா. "அக்கா, மதுரைக்குப் போறேன், நீங்களும் வாங்க, கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்."

"என் கண்ணுக்கு என்னடி கேடு? ஊசியையும் நூலையும் எடுத்துட்டு வா."

எடுத்துட்டு வந்தா. அவ முன்னாடியே கோத்துக் காட்டினேன். ஒரே தடவையில.

"நல்லாத் தெரியும்போதே பாக்கணும்னு அங்க சொன்னாகக்கா. வலிக்காதாம். தெரியாமலே உள்ள கெடுமாம்."

"எனக்கு நம்பர் நூத்திப் பத்துடி. உனக்கு நூத்தி அறுபது. நீ போய்ப் பாரு"ன்னேன்.

சரியாத்தானே சொன்னேன்? நம்பர் கூடுதலா இருக்கிறவளுக்குத்தானே வரணும்?

போன ஆடி மாசம். எங்க பக்கம் இருக்கன்குடி கோயில்ல ஆடிக் கடைசி வெள்ளி பெரிய கூட்டம். கடையில நிக்க நேரமிருக்காது. அப்பத்தான் ஒரு நாள் காலையில பாக்கிறேன், உத்தரத்துல ஒட்டடை தொங்குது. நூல் நூலா. கம்பை எடுத்து அடிச்சேன். போகல. மறுபடி அடிக்கிறேன், அது அங்கிட்டுப் போகுது. இந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் வருது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவ பக்கத்துலருந்துதானே வருது, சுவருக்கு மேல திறப்புத்தானேன்னு போய்க் கத்தினேன். "வீட்டைக் கூட்டுறியா இல்லையா? ஒட்டடை என் தலைமேல வந்து தொங்குது"ன்னு.

அவ பாவம்... பாவமென்ன பாவம், அவ வந்து அண்ணாந்து பாத்தா. "எங்கக்கா?"ன்னா. "உனக்குக் கண்ணு தெரியலையா"ன்னு கேட்டேன். கம்பை வாங்கி ரெண்டு வீட்டையும் அடிச்சுட்டுப் போனா. மறுநாளும் இருந்துச்சு. மறுநாளும் கத்தினேன். மறுநாளும் அடிச்சா.

அப்புறம் ஒரு நாள் கரி மாதிரி பொழிஞ்சுது. அடுப்புக் கரி பறக்கும்ல, அப்படி. கொஞ்ச நேரத்துல செவப்பா ஒரு சீலையை வச்சு மறச்சாப்பல ஆயிருச்சு. வலது பக்கம் மட்டும். வலி கிலி ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் சொல்லல. சூடு, கடையில அனல், ரெண்டு நாள்ல சரியாப்போகும்னு நெனச்சேன். நல்லெண்ணெய் வச்சுக் குளிச்சேன். இடது கண்ணு இருக்கே, அதை வச்சு ஓட்டினேன். சுகர்னு எனக்குத் தோணவே இல்ல. அதான் எனக்கு நூத்திப் பத்தாச்சே.

புஷ்பந்தான் கண்டுபிடிச்சா. காப்பி ஊத்திக் குடுக்கிறேன், டம்ளருக்கு வெளிய ஊத்தியிருக்கேன். அவ கையில பட்டிருச்சு. கத்தல. சொம்பை வாங்கிக் கீழ வச்சுட்டு என் முன்னாடி வந்து உக்காந்தா.

"அக்கா, இந்த இடது கண்ணை மூடுங்க."

"எதுக்குடி?"

"மூடுங்களேன். இப்ப சொல்லுங்க, எத்தனை விரல்?"

எனக்கு எல்லாம் செவப்பா, கருப்பா இருக்கு. கையே தெரியல. இருந்தாலும் விட்டுக்குடுக்க மனசு வரல. "மூணு"ன்னேன்.

கண்ணைத் திறந்து பாத்தா ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. விரலே நீட்டல அவ. கண்ணுல தண்ணி ஓடுது. அழுததும் அவதான்.

மறுநாளே இங்க இழுத்துட்டு வந்துட்டா. கடையில அத்தனை கூட்டத்தை விட்டுட்டு. எங்க வீட்டுக்காரர், "ஆடி முடியட்டுமே"ன்னாரு. "அத்தான், கண்ணு ஆடி முடியிற வரைக்கும் இருக்காது"ன்னுட்டா. மூத்தாரு முன்னாடி அவ அப்படிப் பேசி நான் பாத்ததில்ல.

இங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பிள்ளைதான். கண்ணுக்குள்ள லைட்டை அடிச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. பிரஷர் பாத்துச்சு, நூத்தி எம்பதுன்னுச்சு. எனக்குத் தலைவலி கிடையாது, தலைசுத்தல் கிடையாது, எங்கிட்டிருந்து நூத்தி எம்பது? அப்புறம் கேள்வி.

"உங்க அப்பா அம்மாவுக்குச் சுகர் உண்டா?"

"அதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்துல ஏது சுகர்?"

"யாருக்காவது பார்வை போச்சா?"

"எங்க அய்யாவுக்குக் கடைசியில தெரியல. தட்டைத் தடவித்தான் சாப்பிடுவாரு. அது வயசுக்கோளாறு."

"எத்தனை வயசு?"

யோசிச்சுப் பாத்தேன். அறுபது ஆகல அவருக்கு.

"உங்க பிள்ளைங்க பிறக்கும்போது எடை எப்படி?"

அதுல எனக்குப் பெருமை. "மூத்தவன் நாலு கிலோவுக்கு மேல. ஆஸ்பத்திரியில அத்தனை நர்சும் வந்து தூக்கிப் பாத்தாக"ன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கல. எழுதிக்கிச்சு. "அப்பவே உங்களுக்குச் சுகர் இருந்திருக்கலாம்மா. முகாம்ல கண்டுபிடிச்ச நாள்தான் வந்த நாள்னு இல்ல"ன்னுச்சு. என் மகனுக்கு முப்பத்தி மூணு வயசு தாயி. அவன் பிறந்தப்ப நான் பாகு வாணலியைத் தனியாத் தூக்கி இறக்குவேன். எனக்குச் சுகராம்.

அப்புறம் மூணு மாசச் சுகர்னு ஒண்ணு எடுத்தாக. அது முந்தின நாள் பட்டினியெல்லாம் பாக்காதாம். மூணு மாசமும் எப்படி இருந்தோம்னு சொல்லிருமாம். ஏழுக்குள்ள இருக்கணும்னாக. எனக்குப் பத்துக்கு மேல. மெசினு கெட்டுப் போயிருக்கும்னு சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையா, "காப்பிக்கு என்ன போடுவீங்க?"ன்னுச்சு. சொன்னேன். "களி எவ்வளவு?"ன்னுச்சு. கையைக் காட்டினேன். புஷ்பம் தரையைப் பாத்துக்கிட்டு நின்னா. நல்லாத் தெரியும் அவளுக்கு.

அவளுக்கும் அன்னைக்கே போட்டோ எடுத்தாக, வருசம் ஆயிருச்சுன்னு. எடுத்துட்டு அந்தப் பிள்ளை சொல்லுது, "உங்களுக்குக் கண்ணு சுத்தமா இருக்கு, அடுத்த வருசம் வாங்க"ன்னு.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். எப்படியும் இல்ல. உள்ளங்காலு மரத்துப்போனா தரையை மிதிக்கிறது தெரியாதுல்ல, அந்த மாதிரி நெஞ்சு. அந்த டாக்டரம்மாவைப் பாத்துக் கேட்டேன், "இவளுக்கு ஏன் இல்ல?"

"என்னம்மா?"

"மிட்டாய் தின்னது இவ. சோறு தின்னது இவ. முந்நூறு இருந்தது இவளுக்கு. எனக்கு வந்துச்சுல்ல, இவளுக்கு ஏன் வரல?"

கேட்டதுல என்ன தப்பு? புஷ்பம் பக்கத்துலதான் நின்னா. அவ முகம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல. மருந்து ஊத்தியிருந்தாக.

அந்தப் பிள்ளை சொல்லுச்சு, "ஒருத்தர் மாதிரி ஒருத்தருக்கு வராதும்மா. உங்களுக்குப் பிரஷர் இருக்கு, உங்க அப்பா வழி இருக்கு, எத்தனையோ வருசமாத் தெரியாமலே இருந்திருக்கு. அதெல்லாம் சேந்து கண்ணுல காட்டுச்சு. அவங்களுக்கு வேற எங்கயாவது இருக்கும். உங்களை வச்சு அவங்களையோ, அவங்களை வச்சு உங்களையோ பாக்கக் கூடாது. அவங்கவங்களுக்கு எதுல ஆபத்துன்னு தனித்தனியாத்தான் பாக்கணும்"னு.

படிச்ச பேச்சு. எனக்கு ஏறல.

திரும்பிப் போகும்போது பஸ்ஸுல ஜன்னல் பக்கம் என்னைய உக்கார வச்சா. விருதுநகர் தாண்டுச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டா.

"எனக்கும் வந்திருக்கணும்னு நெனச்சீங்களாக்கா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"எனக்குக் கண்ணுல இல்லக்கா. கிட்னியில இருக்கு. மூத்திரத்துல புரதம் போகுதாம். ரெண்டு வருசமாச்சு. அதுக்குத்தான் அந்த வெள்ளை மாத்திரை. அதுக்குத்தான் ஊறுகாயை விட்டேன், நம்ம கடைக் காராச்சேவைக்கூடத் தொடுறதில்ல."

நான் திரும்பிப் பாத்தேன். எனக்கு எங்க தெரியுது? "ஏண்டி என்கிட்டச் சொல்லல?"ன்னேன்.

"சொன்னேனே. கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ரிப்போர்ட்டோட வந்து சொன்னேன். 'வாயைக் கட்டாதவளுக்கு வரத்தான் செய்யும்'னீங்க."

அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமில்ல தாயி. சொல்லியிருப்பேன். கீரை ஆயுறப்ப ஆயிரம் பேசுறோம்.

ஒண்ணு சொல்றேன், நீங்க தப்பா எடுத்துக்கப்பிடாது. அதைக் கேட்ட உடனே எனக்கு ஒரு நிமிசம் லேசா இருந்துச்சு. நிஜமாத்தான். அவளுக்கும் இருக்குன்னதும் மூச்சு நல்லா வந்துச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு. மறுபடி கட்டைதான். பஸ்ஸுக்காரன் ஏதோ பாட்டுப் போட்டான். அவ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. முந்தின ராத்திரி பூரா முழிச்சிருந்திருக்கா.

ஆபரேசன், ஊசி, லேசர் எல்லாம் ஆச்சு. கண்ணுக்குள்ள ஊசின்னா பயந்துக்காதீங்க, மரத்துப்போக மருந்து ஊத்திருவாக, தெரியாது. எனக்கு அந்த மருந்தே வேண்டியதில்ல, நான் ஏற்கெனவே கட்டைன்னு நெனச்சுக்கிட்டேன். வலது அவ்வளவுதான்னுட்டாக. இடதைக் காப்பாத்தணும், பிரஷரை விடாதீங்கன்னாக. கருப்பட்டியை நிறுத்தியாச்சு. பிரஷர் மாத்திரை அவதான் எடுத்துக் குடுக்கிறா. மூணு வேளையும் கண்ணுல மருந்து ஊத்துறதும் அவதான். என் மகன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான். "நீயும் ஒரு டெஸ்டு எடுத்துப் பாருடா"ன்னு அவனுக்குப் போன் போட்டதும் புஷ்பந்தான். "எனக்கென்ன சித்தி, நல்லாத்தானே இருக்கேன்"னு சிரிக்கிறானாம். என் பிள்ளைதானே.

போன தை மாசம் ஒரு நாள் காலையில என் பக்கத்துல வந்து உக்காந்து காலை நீட்டினா.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. கணுக்காலுக்கு மேல எலும்பை ஒட்டி இப்படிப் பெருவிரலை வச்சுக் கொஞ்ச நேரம் அமுக்குங்க. எடுத்துட்டுத் தடவிப் பாருங்க. குழி விழுந்திருந்தா நீர் ஏறுதுன்னு அர்த்தமாம். விழுந்தா அன்னைக்கே வரச் சொல்லியிருக்காரு கிட்னி டாக்டர்."

"நீயே பாத்துக்க வேண்டியதுதானே?"

"எனக்குக் காலு பாதி மரத்துப்போச்சுக்கா. அமுக்குறது தெரிய மாட்டேங்குது. உங்க விரலுக்குத் தெரியும்ல."

எனக்கு ஒரு வேலை வேணும்னு குடுத்தாளோ என்னமோ. கண்ணு போனதிலருந்து அடுப்புப் பக்கம் என்னைய யாரும் விடுறதில்ல. அன்னையிலருந்து தெனம் காலையில அவ எனக்கு மருந்து ஊத்துவா, நான் கண்ணை மூடிக்கிட்டே அவ காலை அமுக்கிப் பாப்பேன். "இல்லடி." "சரிக்கா." அவ்வளவுதான் பேச்சு. எந்திரிச்சுப் போயிருவா. ஒல்லிக்கால் அவளுக்கு. எலும்பு நல்லாத் தட்டும்.

இன்னைக்குக் காலையில தட்டல.

அமுக்கினேன், விரல் உள்ள போச்சு. பிசைஞ்ச மாவுல அமுக்கினாப்பல. எடுத்துட்டுத் தடவினேன். குழி அப்படியே நிக்குது. இன்னொரு காலையும் பாத்தேன். அதுவும் அப்படித்தான்.

"இல்லடி"ன்னேன்.

என்ன பண்ணச் சொல்றீங்க? இன்னைக்கு எனக்கு இங்க முறை. இந்த இடது கண்ணுக்கு ஊசியா லேசரான்னு இன்னைக்குத்தான் சொல்லுவாக. விட்டா அடுத்த முறை எப்பக் கிடைக்குமோ. குழி விழுந்துச்சுன்னு சொன்னா அவ கிட்னி ஆஸ்பத்திரிக்குப் போகணும், அது இதே மதுரையில அந்தக் கடைசியில இருக்கு. என்னைய யாரு கூட்டிட்டு வருவா? எங்க வீட்டுக்காரர் கடையை விட்டு வருவாரா? நாளைக்குச் சொன்னாப் போச்சு, ஒரு நாள்ல என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன். பஸ்ஸுல வரும்போது அவ மூச்சு வாங்குறது கேட்டுச்சு. படி ஏறும்போது ரெண்டு தடவை நின்னா. நான் கேக்கல. அவளும் சொல்லல.

நீங்க ஏன் தாயி பேச மாட்டேங்கிறீங்க? தூங்கிட்டீங்களா?

இல்லையா. சரி.

இருங்க, அவ வர்றா. அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

புஷ்பம். இங்க வா, உக்காரு. சீட்டு கிடக்கட்டும், உக்காருடி. காலை நீட்டு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்காக, யாரு பாக்கப் போறா? நீட்டு.

... காலையில பொய் சொன்னேன்டி. குழி விழுந்துச்சு. இப்பவும் விழுது. காலையில விட அதிகமா விழுது.

என்னது?

தெரியுமா?

செருப்பு வார் அச்சுப் பதிஞ்சு நின்னுச்சா... நேத்துச் சாயங்காலமேவா... நேத்தே பாத்துட்டுத்தான் காலையில என்கிட்டக் காலை நீட்டினியா? ஏண்டி, பின்ன ஏன் கிளம்பி வந்த? என் முறை முடியட்டும்னா?

கையைக் குடு. இந்தக் கையும் இப்படியா இருக்கு? நான் பிடிச்சுக்கிட்டு வந்த கைதானே இது, எனக்கு ஏன் தெரியல?

நர்சம்மா! இங்க வாங்கம்மா, யாராவது வாங்க. இல்ல, எனக்கில்ல, என் கண்ணு கிடக்கட்டும். இவளைப் பாருங்க. இவளுக்குக் கிட்னியில கோளாறு, கால்ல நீர் ஏறியிருக்கு, மூச்சு வாங்குறா. நீ சும்மா இரு புஷ்பம், என் பேரைக் கூப்பிட்டா வேற ஆளை உள்ள விடட்டும்.

தாயி, நீங்க கண்ணைத் திறங்க. மருந்து போனாப் போகுது, அப்புறம் ஊத்திக்கலாம். நான் திறந்துட்டேன், எனக்கு எல்லாம் கலங்கித் தெரியுது. கொஞ்சம் கிட்ட வந்து இவ முகத்தைப் பாருங்க. பாத்து உள்ளதைச் சொல்லுங்க.

வீங்கியிருக்கா?